128 பைட்டில் ஒரு வாலிபால் மேட்ச்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "8 ஜி.பி. ராம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போதுமா?" ஆரப்பாளையத்தில் இருக்கும் என் மாமாவும் இதையேதான் கேட்டார். கல்லூரியில் படிக்கும் மகளின் ப்ராஜெக்ட்டுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. அந்த வீட்டிற்கு முதல் கம்ப்யூட்டரும் அதுதான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன்.

நான் போவதற்குள் மாமா பரணிலிருந்து பழைய டி.வி. கேம் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தார். "இந்த கேசட்ல வாலிபால் ஒண்ணு இருந்துச்சு மாப்ள. பாப்பா எட்டு வயசுல என்னைய தோற்கடிச்சுக்கிட்டே இருப்பா. இப்ப பெட்டி ஓட மாட்டேங்குது. இதைக் கம்ப்யூட்டர்ல ஓட்ட முடியாதா?" என்றார். முடியும் என்று நான் சொல்லும் முன்பே அடுத்ததையும் சொன்னார்: "நேத்தே டவுன்லோட் பண்ணிட்டேன். வைரஸ் பார்க்குற சாப்ட்வேர்தான் விட மாட்டேங்குது. அதை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுன்னு அந்த சைட்லயே போட்டிருக்கு."

டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்து பார்த்தேன். பைலின் பெயரில் வாலிபால் என்று இருந்தது. அளவு 62 எம்.பி. பெயரின் கடைசியில் இ.எக்ஸ்.இ. என்ற மூன்று எழுத்துகள். "மாமா, இதைத் தொடாதீங்க" என்றேன்.

அதைத் திறந்து பார்க்காமலேயே எனக்கு ஏன் சந்தேகம் வந்தது? மாமா தேடிய அந்த வாலிபால் கேமின் மொத்த அளவு சுமார் 40 கே.பி. தான். அவர் இறக்கி வைத்திருந்தது அதைவிட ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல் பெரியது. ஒரு தீப்பெட்டியை அனுப்புகிறோம் என்று சொல்லி லாரி வந்து நின்றால், உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

ஒரு முழு விளையாட்டு 40 கே.பி.யில் எப்படி அடங்கும் என்று மாமா நம்பவில்லை. உண்மையில் அதைவிடச் சிறிய வாலிபாலும் உண்டு. மெமரி, பிராசசர், திரை ஆகிய மூன்றும் என்ன வேலை செய்கின்றன என்று புரிந்து கொள்ள அந்தப் பழைய கேம்களைவிட எளிய பாடம் கிடையாது. பார்ப்போமா?

முதலில் ஒரு சின்ன சோதனை

உங்கள் கம்ப்யூட்டரில் நோட்பேட் திறந்து கொள்ளுங்கள். தமிழில் "ஆரப்பாளையம்" என்று இடைவெளி இல்லாமல் மூன்று முறை டைப் செய்திடுங்கள். என்டர் தட்ட வேண்டாம். பைலை சேவ் செய்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் பகுதியில் சைஸ் என்ன என்று பாருங்கள். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் விண்டோஸ் 11-இலும் 99 பைட் என்று காட்டும்.

கணக்கு எளிதுதான். யூனிகோடு முறையில் "ஆரப்பாளையம்" என்ற சொல்லுக்குப் புள்ளி, துணைக்கால், ஐகாரக் குறி எல்லாம் சேர்த்து 11 குறிகள். நோட்பேட் சேவ் செய்யும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக ஒரு முறைக்கு 33 பைட், மூன்று முறைக்கு 99. நான்காவது முறையும் டைப் செய்தால் 132 பைட் ஆகிவிடும்.

இந்த 132 என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நாம் பார்க்கப் போகும் மெஷினின் மொத்த ராம் 128 பைட். அதாவது "ஆரப்பாளையம்" என்று நான்கு முறை எழுதி வைக்கக்கூட அதில் இடம் கிடையாது. அதில்தான் நான்கு பேர் ஆடும் ஒரு வாலிபால் மேட்ச் நடந்தது.

1972: மெமரியே இல்லாத வாலிபால்

வீட்டு டி.வி.யில் இணைத்து விளையாட முதன்முதலில் விற்பனைக்கு வந்த பெட்டி மேக்னவாக்ஸ் ஒடிசி. ஆண்டு 1972, நாடு அமெரிக்கா. இதை உருவாக்கியவர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரால்ஃப் பேயர் என்ற பொறியாளர். இந்தப் பெட்டிக்கு வாலிபால் ஆட்டமும் தனியாக விற்கப்பட்டது.

ஒடிசியின் உள்ளே பிராசசர் கிடையாது. ராம் கிடையாது. சுமார் 40 டிரான்சிஸ்டர்களும் 40 டையோடுகளும் கொண்ட சர்க்யூட் மட்டுமே. அது திரையில் காட்டுவது இரண்டு வெள்ளைக் கட்டங்கள், ஒரு சிறிய வெள்ளைப் பொட்டு, ஒரு கோடு. கட்டங்கள் ஆட்டக்காரர்கள், பொட்டு பந்து, கோடு வலை. நிறம் இல்லை, சத்தமும் இல்லை. மைதானம் வேண்டுமென்றால் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை டி.வி. கண்ணாடியின் மேல் ஒட்டிக் கொள்ள வேண்டும்!

ஆட்டத்தை மாற்ற ஓர் அட்டையைச் செருக வேண்டும். அந்த அட்டையில் புரோகிராம் எதுவும் இருக்காது. எந்த வயரை எந்த வயரோடு சேர்ப்பது என்ற இணைப்பு மட்டுமே இருக்கும்.

ஸ்கோர்? அதை விளையாடுபவர்கள்தான் பேப்பரில் எழுதிக் கொள்ள வேண்டும். பெட்டிக்கு நினைவில் வைத்துக் கொள்ள இடம் இல்லையே! மெமரி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மெமரி இல்லாத மெஷினுக்கு இந்த நொடி மட்டும்தான் தெரியும். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது.

1982: கடற்கரையில் நான்கு பேர்

அடுத்த பத்தாண்டில் நிலைமை மாறியது. 1977-இல் அட்டாரி நிறுவனம் ஒரு பிராசசரை உள்ளே வைத்த பெட்டியை வெளியிட்டது. பின்னாளில் அட்டாரி 2600 என்று பெயர் பெற்றது இதுதான். கேசட்டை மாற்றினால் புரோகிராம் மாறும், ஆட்டமும் மாறும். இன்று நாம் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேரை மூடி இன்னொன்றைத் திறப்பதும் இதே அடிப்படையில்தான்.

1982-இல் இந்தப் பெட்டிக்கு ரியல்ஸ்போர்ட்ஸ் வாலிபால் என்ற கேமை அட்டாரி வெளியிட்டது. புரோகிராம் எழுதியவர் பாப் பொலாரோ. மணல், கடல், வானம் எனக் கடற்கரை வாலிபால். பக்கத்திற்கு இரண்டு பேர். இன்னொருவரோடும் ஆடலாம், மெஷினோடும் ஆடலாம். ஒரு ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் உங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் இருவரும் சேர்ந்தே நகர்வார்கள்.

இந்தக் கேமின் மொத்த அளவு 4 கே.பி. படம், சத்தம், விதிகள், எதிரணியாக ஆடும் மெஷினின் "மூளை" எல்லாம் சேர்த்துத்தான் 4 கே.பி. நீங்கள் படித்துக் கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை நோட்பேடில் சேவ் செய்தால் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்.

4 கே.பி. என்பது கேசட்டில் உள்ள ராம் அல்ல, ராம் என்பதற்கு எதிரான ரோம். இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். ரோம் என்பது அச்சடித்த புத்தகம் மாதிரி. படிக்கலாம், எழுத முடியாது. ராம் என்பது பக்கத்தில் வைத்திருக்கும் சிலேட்டு. எழுதலாம், அழிக்கலாம், கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். அட்டாரியின் புத்தகம் 4 கே.பி., சிலேட்டு 128 பைட்.

சிலேட்டில் என்ன எழுதுவது?

ஒரு வாலிபால் ஆட்டத்தை நடத்த மெஷின் எதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டும்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பந்து எங்கே இருக்கிறது: இட வலமாக, முன் பின்னாக, உயரத்தில். 3 பைட்.
பந்து எந்த வேகத்தில் போகிறது: அதே மூன்று திசைகளில். 3 பைட்.
இரண்டு அணிகளும் நிற்கும் இடம்: அணிக்கு 2 வீதம் 4 பைட்.
ஸ்கோர்: அணிக்கு 1 வீதம் 2 பைட்.
சர்வீஸ் யாரிடம், பந்தை எத்தனை முறை தொட்டாயிற்று: 2 பைட்.

ஆக 14 பைட். பந்து வழுக்கிக் கொண்டு நகர்வதுபோல் தெரிய வேண்டுமானால் முழு எண் போதாது, அரை, கால் போன்ற பின்னங்களும் வேண்டும். அதற்காகப் பந்தின் கணக்குக்கு இரட்டிப்பு இடம் ஒதுக்கினால் 20 பைட். இதுவரை கவலை இல்லை. ஆட்டத்தின் விஷயங்களுக்கு 128 பைட் தாராளம்.

சிக்கல் திரையில்தான். அட்டாரியின் திரை குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 192 வரிகள். பெருக்கினால் 30,720 புள்ளிகள். ஒரு புள்ளி எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதை மட்டும் குறித்து வைத்தால்கூட, பைட்டுக்கு 8 புள்ளி வீதம் 3,840 பைட் வேண்டும். கையில் இருப்பதோ அதில் முப்பதில் ஒரு பங்கு. அதுவும் கருப்பு வெள்ளைக்கு. நிறம் வேண்டுமென்றால் இன்னும் கூடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் இந்தப் பிரச்சினை இல்லை. 1920 x 1080 அளவுள்ள மானிட்டரின் ஒரு முழுப் படத்தை வைக்கச் சுமார் 8 எம்.பி. போதும். இருக்கும் ஜி.பி. கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே கம்ப்யூட்டர் படம் முழுவதையும் மெமரியில் வரைந்து வைத்துவிட்டுப் பிறகு திரைக்கு அனுப்புகிறது. அட்டாரிக்கு அந்த வசதி இல்லை. அப்படியானால் படம் எங்கிருந்து வந்தது?

பந்தியில் பரிமாறுவது போல

பழைய பிக்சர் ட்யூப் டி.வி.யில் ஒரு எலக்ட்ரான் கதிர், இடமிருந்து வலமாக ஒரு வரி, அடுத்து அதற்குக் கீழே ஒரு வரி என்று திரையை வரைந்து கொண்டே போகும். அமெரிக்க டி.வி. முறையில் இது நொடிக்கு 60 முறை. நம் நாட்டில் பயன்பட்ட பால் முறையில் 50 முறை. யாருக்காகவும் அது நிற்காது.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுபவர் நிற்காமல் இலை இலையாக நகர்ந்து கொண்டே இருக்கிறார். எல்லாப் பதார்த்தங்களையும் அடுக்கி வைக்க மேஜை இல்லை. நீங்கள் அவர் கூடவே ஓடி, "இந்த இலைக்குச் சாம்பார், அடுத்த இலைக்கு ரசம்" என்று வாளியை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் ரசம் விழ வேண்டிய இலையில் சாம்பார் விழுந்துவிடும்.

அட்டாரி புரோகிராம் செய்தது அதுதான். பிராசசரின் வேகம் 1.19 மெகா ஹெர்ட்ஸ். ஒரு வரியை டி.வி. வரைந்து முடிக்கும் நேரத்தில் அதற்குக் கிடைப்பது 76 துடிப்புகள். ஒரு கட்டளைக்குக் குறைந்தது 2 துடிப்பு ஆகும், சிலவற்றுக்கு 6, 7கூட ஆகும். ஆக வரிக்குச் சுமார் இருபது கட்டளைகள். அதற்குள் "இந்த வரியில் மணல் நிறம், இங்கே ஆட்டக்காரரின் கை, இங்கே வலை" என்று படச் சிப்புக்குச் சொல்லி முடித்துவிட வேண்டும். அடுத்த வரி வந்துவிடும்!

அப்படியானால் பந்தை நகர்த்துவது, ஸ்கோர் கூட்டுவது எல்லாம் எப்போது? கதிர் திரையின் அடியைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே போகும் இடைவெளியில். மொத்தம் 262 வரிகளில் படம் தெரிவது 192 வரிகளில். மீதி 70 வரிகளின் நேரம், அதாவது சுமார் 5,300 துடிப்புகள்தான் யோசிக்கும் நேரம். ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காரும் முன் சமையலறைக்கு ஓடி வருவது மாதிரி.

இரண்டு உருவங்களில் நான்கு பேர்

அட்டாரியின் படச் சிப் இரண்டே இரண்டு மனித உருவங்களைத்தான் தரும். ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம். இவை தவிர மூன்று சிறு பொட்டுகள், பின்னணிக்குச் சில பட்டைகள். அவ்வளவுதான். ஆனால் இந்த வாலிபாலில் நான்கு பேர் ஆடுகிறார்களே?

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒரே உருவத்தைப் பக்கத்தில் இரண்டாக, மூன்றாக நகல் எடுத்துக் காட்டும் வசதி சிப்பிலேயே உண்டு. மற்றொன்று, மேல் வரிகளில் ஓர் ஆளை வரைந்து முடித்ததும், அதே உருவத்தை வேறு இடத்திற்கு நகர்த்திக் கீழ் வரிகளில் இன்னோர் ஆளாக வரைவது. கதிர் மேலிருந்து கீழே வருவதால் பார்ப்பவருக்கு இரண்டும் தனித்தனி ஆட்களாகத் தெரியும். ஒரே நடிகர் வேஷம் மாற்றிக் கொண்டு அடுத்த காட்சிக்கு வருவதுபோல!

பந்து ஆட்டக்காரர் மேல் பட்டதா என்று பார்க்கவும் பிராசசர் கணக்குப் போட வேண்டியதில்லை. திரையில் இரண்டு பொருள்கள் ஒன்றின் மேல் ஒன்று வந்தால் படச் சிப்பே அதைக் குறித்து வைத்துவிடும். புரோகிராம் போய்ப் பார்த்துக் கொண்டால் போதும்.

பந்து வளைந்து வருவது எப்படி?

வாலிபாலின் உயிரே பந்து வளைந்து மேலே போய்க் கீழே வருவதுதான். பள்ளியில் இதற்குப் பெரிய சமன்பாடு படித்திருப்போம். ஆனால் இந்தப் பிராசசருக்குப் பெருக்கவே தெரியாது. கூட்டல், கழித்தல் மட்டும்தான்.

அது போதும். பந்தின் மேல்நோக்கிய வேகம் 8 என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திற்கும் வேகத்தை உயரத்தோடு கூட்டுங்கள், பிறகு வேகத்தில் 1 கழியுங்கள். உயரம் இப்படிப் போகும்: 8, 15, 21, 26, 30, 33, 35, 36. இப்போது வேகம் பூஜ்யம். உயரம் மறுபடி 36-இலேயே நிற்கும். பிறகு வேகம் கழித்தல் 1, கழித்தல் 2 என்று போகப் போக உயரம் 35, 33, 30, 26 என்று இறங்கும். இந்த எண்களை வரைபடத் தாளில் குறித்துக் கோடு போட்டுப் பாருங்கள். மைதானத்தில் நீங்கள் பார்த்த அதே வளைவு வரும். படத்திற்கு ஒரு கூட்டல், ஒரு கழித்தல். புவியீர்ப்பு தயார்!

1986: நம் வீட்டுப் பரணில் இருப்பது

மாமா வைத்திருந்த பெட்டி இந்த அட்டாரி அல்ல. ஜப்பானில் நின்டென்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் வழி வந்தது. 1990களில் சாமுராய், மீடியா போன்ற பெயர்களில் நம் நாட்டில் டி.வி. கேம்கள் விற்றன. அதன் பிறகும் பல ஆண்டுகள் பஜார் கடைகளில் பெயர் தெரியாத பெட்டிகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். "9999 இன் 1" என்று கேசட்டில் எழுதியிருக்கும். உள்ளே திரும்பத் திரும்ப அதே சில கேம்கள்தான் வரும்.

ஃபேமிகாமுக்கு நின்டென்டோ வாலிபால் கேமை வெளியிட்டது 1986-இல். சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆண்கள் வாலிபால் அணி வெண்கலம் வென்றதும் அதே ஆண்டுதான். இதில் பக்கத்திற்கு ஆறு பேர், உண்மை ஆட்டம் போலவே. இந்தப் பெட்டியில் ராம் 2 கே.பி., படத்திற்கென்று தனியாக இன்னொரு 2 கே.பி.

இங்கும் படம் முழுவதும் மெமரியில் இல்லை. ஆனால் வேலை எளிதாகிவிட்டது. தரைக்கு டைல்ஸ் பதிப்பதுபோல, 8 x 8 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களால் பின்னணி அமைக்கப்பட்டது. குறுக்கே 32, நெடுக்கே 30, மொத்தம் 960 சதுரங்கள். எந்த இடத்தில் எந்த டைல் என்ற எண்ணை மட்டும் வைத்துக் கொண்டால் 960 பைட்டில் பின்னணி முடிந்துவிடும். மைதானத்தின் தரை முழுவதும் ஒரே டைல்தானே!

நகரும் உருவங்களுக்கு 64 சிறு சதுரங்கள் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே வரியில் 8-க்கு மேல் காட்ட முடியாது. ஓர் ஆட்டக்காரர் 16 புள்ளி அகலம் என்றால் அவருக்கு இரண்டு சதுரங்கள் வேண்டும். ஆக ஒரே வரிசையில் நான்கு பேர் நின்றால் கணக்கு தீர்ந்துவிடும். ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் மறைய வேண்டும். ஒருவரே நிரந்தரமாக மறையாமல் இருக்க, ஒவ்வொரு படத்திற்கும் ஒவ்வொருவரை மாற்றி மாற்றி மறைப்பார்கள். டி.வி. கேமில் ஆட்கள் கூடும் இடத்தில் உருவங்கள் மினுக் மினுக் என்று துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டி.வி.யில் கோளாறு என்று நாம் நினைத்தது இதைத்தான்!

மூன்று வாலிபால்கள், ஒரு பார்வையில்

மேக்னவாக்ஸ் ஒடிசி, 1972: ராம் இல்லை. பக்கத்திற்கு ஒரு கட்டம். ஸ்கோர் பேப்பரில்.
அட்டாரி 2600, 1982: ராம் 128 பைட். கேம் 4 கே.பி. பக்கத்திற்கு இரண்டு பேர்.
ஃபேமிகாம், 1986: ராம் 2 கே.பி., படத்திற்கு 2 கே.பி. கேம் சுமார் 40 கே.பி. பக்கத்திற்கு ஆறு பேர்.
உங்கள் கம்ப்யூட்டர்: ராம் 8 ஜி.பி. என்றால், அட்டாரியைப்போல் சுமார் 6 கோடியே 71 லட்சம் மடங்கு.

எமுலேட்டர் என்றால் என்ன?

இந்தப் பழைய கேமைக் கம்ப்யூட்டரில் அப்படியே டபுள் கிளிக் செய்தால் ஓடாது. அதிலுள்ள கட்டளைகள் வேறு பிராசசருக்கு எழுதப்பட்டவை. இதற்காக எழுதப்படும் சாப்ட்வேர்தான் எமுலேட்டர். அது பழைய பெட்டியைப்போல வேஷம் போடும். கேமின் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, பழைய பிராசசர் என்ன செய்திருக்குமோ அதைச் செய்யும். படச் சிப், ஜாய்ஸ்டிக், திரையில் ஓடும் கதிர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டே நடித்துக் காட்டும். அட்டாரி 2600-க்கு ஸ்டெல்லா என்ற எமுலேட்டர் 1990களிலிருந்து இருக்கிறது. இலவசம், திறந்த மூல சாப்ட்வேர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எமுலேட்டர் என்பது தானாக ஓடும் புரோகிராம். அதன் அளவு சில எம்.பி. இருக்கலாம், தவறில்லை. கேம் பைல் என்பது வெறும் எண்களின் வரிசை. தானாக எதுவும் செய்யாது. அதன் அளவு கே.பி.யில்தான் இருக்கும். கேம் பைல் என்று சொல்லி, தானாக ஓடும் புரோகிராமைக் கொடுக்கும் இடத்தில்தான் ஆபத்து.

டவுன்லோட் செய்யும் முன் பாருங்கள்

1. பைல் பெயரின் கடைசி எழுத்துகள் தெரியும்படி வைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் போல்டரைத் திறந்து வியூ, அதில் ஷோ, அதில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை கிளிக் செய்திடுங்கள். இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது தானாக ஓடும் புரோகிராம்.

2. அளவைப் பாருங்கள். 1980களின் டி.வி. கேம் என்று சொல்லும் பைல் பல எம்.பி. இருந்தால், கூடுதலாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அளவு மட்டுமே குற்றத்திற்குச் சாட்சி ஆகாது. கேமையும் எமுலேட்டரையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் கேள்வி கேட்க அது போதும்.

3. "ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று எந்த சைட் சொன்னாலும் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள். இதற்கு விதிவிலக்கு வேண்டாம்.

4. எமுலேட்டரை அதை உருவாக்கியவர்களின் சைட்டிலிருந்து மட்டும் எடுங்கள். தேடும்போது முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம்.

5. திறப்பதற்கு முன் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டர் மூலம் ஸ்கேன் செய்திடுங்கள்.

6. முக்கியமான பைல்களுக்கு இன்னொரு பிரதி எப்போதும் வேறு இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேம் பழையது என்பதால் அதன் காப்புரிமை போய்விடாது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் இன்டர்நெட்டில் கிடைக்கும் பிரதிகளை எடுப்பது சட்டப்படி சரியல்ல. அட்டாரியின் பழைய கேம்கள் அதிகாரப்பூர்வத் தொகுப்புகளாக விற்பனைக்கு வந்திருக்கின்றன. 2022-இல் வந்த அட்டாரி 50 அப்படி ஒன்று. வாங்கும் முன் பட்டியலில் நீங்கள் தேடும் கேம் உள்ளதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

காசில்லாமல் நேர்வழியில் வாலிபால் ஆட வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. 1988-இல் கம்ப்யூட்ஸ் கெஜட் என்ற அமெரிக்க இதழ், ஆர்கேட் வாலிபால் என்ற கேமை கமோடர் 64 கம்ப்யூட்டருக்காகப் பக்கங்களில் அச்சிட்டது. ஆம், கேமையே அச்சிட்டார்கள்! வாசகர்கள் அந்த எண்களை உட்கார்ந்து டைப் செய்து விளையாட வேண்டும். 4 கே.பி., 10 கே.பி. என்று கேம்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. அந்த கேமைப் பின்பற்றி 2000-இல் ஜெர்மனியில் பிளாபி வாலி வந்தது. அதன் அடுத்த பதிப்பான பிளாபி வாலி 2 திறந்த மூல சாப்ட்வேர். இலவசமாக, சட்டப்படி, இருவர் ஒரே கீபோர்டில் விளையாடலாம்.

பரணில் உள்ள பெட்டியைத் திருப்பி ஓட வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேசட்டின் அடியில் வாயால் ஊதாதீர்கள். எச்சிலின் ஈரம் அந்த உலோகப் பட்டைகளை அரித்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

மாமாவின் கம்ப்யூட்டரில் அந்த 62 எம்.பி. பைலை அழித்துவிட்டு முழு ஸ்கேன் ஓட்டினேன். நல்லவேளை, பைல் ஒரு முறையும் ஓடியிருக்கவில்லை. மகளின் ப்ராஜெக்ட் பைல்கள் எல்லாம் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன, வேறு பிரதி இல்லை. முதலில் அவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றினோம். பிறகுதான் வாலிபால். இப்போதும் ஜெயித்தது மகள்தான்.

"அப்ப 8 ஜி.பி. போதும்ங்குற?" என்றார் மாமா. ப்ராஜெக்ட்டுக்கும் வீட்டு வேலைக்கும் போதும் மாமா, வாலிபாலுக்கு ஆறு கோடி மடங்கு அதிகம் என்றேன்.